பயந்தவன் வைக்கட்டும் பெயரை

சென்னையில் பகடை உருட்டிக் கதை விளையாடும் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பக்கங்களில் ஞாயிற்றுக்கிழமை ஆனால் யாராவது ஒருவர் வீட்டு ஹாலிலோ மொட்டை மாடியிலோ கூடி, இருபது முகப் பகடையை உருட்டி, இல்லாத கிரகங்களுக்குப் புறப்பட்டுப் போகும் தம்பி தங்கைகளுக்கு,

உங்கள் குழுக்கள் சிலவற்றில் என்னையும் ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்க விட்டிருக்கிறீர்கள். அந்த உரிமையில் எழுதுகிறேன். பாராட்ட நிறைய உண்டு. ஆனால் ஒரே ஒரு விஷயத்தில், ஜந்துக்களுக்குப் பெயர் வைப்பதில், நீங்கள் தொடர்ந்து சொதப்புகிறீர்கள்; அதைச் சொல்லவே இந்த மடல்.

வரைபடம் பிரமாதமாக இருக்கிறது. கைவிடப்பட்ட விண்கலம், விட்டு விட்டு எரியும் விளக்கு, காற்றுக் குழாய்க்குள் ஏதோ நகரும் சத்தம். கதையை நடத்தும் ஆட்டத் தலைவரான டி.எம். குரலைத் தாழ்த்திச் சொல்லச் சொல்ல, மேசையில் ஒருவர் கையும் செல்போன் பக்கம் போவதில்லை. கதவு திறக்கிறது. "அங்க நிக்குது ஒரு க்ராக்ஸ்" என்கிறார் டி.எம். உடனே மூலையிலிருந்து ஒரு குரல்: "என்னது, கிராக்கா?" கதை அங்கேயே முடிந்தது. அதன்பிறகு அந்த ஜந்துவுக்கு எட்டுக் கை இருந்தால் என்ன, எண்பது பல் இருந்தால் என்ன? சென்னையில் கிராக்கு என்றால் யார் என்று எல்லோருக்கும் தெரியும். அவனைப் பார்த்து யாரும் இதுவரை பயந்ததில்லை.

இதில் டி.எம். மேல் மட்டும் குற்றம் சொல்ல முடியாது. நம் நாக்கின் பழக்கம் அப்படி. தொல்காப்பியம் எந்த எழுத்து சொல்லுக்கு முதலில் வரும், எது கடைசியில் வரும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. தமிழ்ச் சொல் இரண்டு மெய்யெழுத்துகளைச் சேர்த்துக்கொண்டு தொடங்காது. க், ச், ட், த், ப், ற் என்ற வல்லின மெய்யில் முடியாது. இலக்கணப் புத்தகத்தைத் தொட்டே பார்க்காதவர் வாயும் இந்தச் சட்டத்தைக் காப்பாற்றுகிறது. கப் என்பது கப்பு, லைட் என்பது லைட்டு, பஸ் என்பது பஸ்ஸு. உங்கள் ஸார்க் என்ற பயங்கரமும் மேசையை இரண்டு சுற்று சுற்றி வருவதற்குள் ஸார்க்கு ஆகிவிடும். கடைசியில் அந்த உகரம் ஒட்டிக்கொண்டால் எந்த அரக்கனும் மளிகைக்கடைச் சாமான்தான்.

க்ஸ, ஸ்த்ர, த்ல் என்று மெய்களை நெருக்கி, நடுவில் ஓர் ஒற்றை மேற்கோள் குறியைச் செருகிப் பெயர் செய்யும் முறை ஆங்கிலக் காதுக்காகப் பிறந்தது. ஹெச்.பி. லவ்கிராஃப்ட் 1928-ல் வெளியிட்ட கதை ஒன்றில் வரும் க்துலு, மனிதத் தொண்டையால் சரியாகச் சொல்லவே முடியாதது என்ற எண்ணத்தில் ஆக்கப்பட்ட பெயர். அந்தக் கதையின் பெயரிலேயே 1981-ல் ஒரு கதைவிளையாட்டும் வந்தது. ஆங்கிலம் பேசுகிறவருக்கு அந்த எழுத்துக்கூட்டு ஒரு வழுக்குப்பாறை. சமஸ்கிருதம், இந்தி, ஆங்கிலம் எல்லாவற்றையும் தினமும் வாயில் போட்டு அரைக்கும் சென்னைக்காரருக்கு அது இன்னுமொரு வெளியூர்ச் சொல், அவ்வளவுதான்.

சொல்லப்போனால் ஆங்கில விளையாட்டுகளிலும் நிலைத்து நின்ற பெயர்களில் பல இந்த ரகம் கிடையாது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்ன்சனும் சேர்ந்து உருவாக்கிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974-ல் வெளிவந்தது. நீங்கள் இன்றும் விளையாடும் அதன் புகழ்பெற்ற ஜந்துக்கள் சில, மலிவு விலைக் கடையில் பொட்டலமாக விற்ற பிளாஸ்டிக் பொம்மைகளைப் பார்த்துப் பிறந்தவை. எந்த மிருகம் என்றே தெரியாத பொம்மைகள். கைகாக்ஸ் அவற்றுக்குக் குணமும் பெயரும் கொடுத்தார். ஆந்தை முகமும் கரடி உடம்பும் இருந்தது ஆவுல்பேர் ஆயிற்று. இரும்பைத் துருவாக்கித் தின்பது ரஸ்ட் மான்ஸ்டர் ஆயிற்று. கத்தியும் கவசமும் நம்பி வாழும் வீரனுக்கு அதைவிடக் கிலி தரும் பெயர் வேறு வேண்டுமா?

அதே விளையாட்டில் மூளையைத் தின்னும் இனம் ஒன்று உண்டு. அதற்கு இரண்டு பெயர். ஒன்று இல்லிதிட். மற்றது, அதனிடம் மாட்டித் தப்பியவர்கள் வைத்தது போல ஒலிக்கும் மைண்ட் ஃப்ளேயர், அதாவது மனத்தின் தோலை உரிப்பது. ஆட்டக்காரர் நடுங்குவது இரண்டாவது பெயருக்குத்தான். நான் உங்களிடம் சொல்ல வந்ததன் சாரமும் இதுதான். ஜந்துவின் பெயரை எழுத்தாளர் நாற்காலியில் உட்கார்ந்து யோசிக்காதீர்கள். அந்தக் கிரகத்தில் அதற்குப் பக்கத்தில் வாழ வேண்டியிருந்தவன், அதைப் பார்த்துப் பயந்தவன், என்ன பெயர் வைத்திருப்பான் என்று யோசியுங்கள்.

அந்த யோசனைக்கு உதவ, அயல்மொழி அகராதியைவிட நம் வீட்டுப் பேச்சும் பழைய புத்தகங்களும் பெரிய களஞ்சியம். சாப்பிட மறுக்கும் குழந்தைக்கு நம் பாட்டிகள் காட்டிய அஞ்சு கண்ணனை எடுத்துக்கொள்ளுங்கள். எண் நமக்குத் தெரியும், கண்ணும் தெரியும்; இரண்டையும் சேர்த்தால் தெரியாத ஒன்று வாசலில் வந்து நிற்கிறது. ராமாயணத்து அரக்கர் பெயர்களும் இப்படித்தான். சூர்ப்பணகை என்றால் முறம் போன்ற நகம் உடையவள். கும்பகர்ணன் என்றால் குடம் போன்ற காதுக்காரன். முறமும் குடமும் அடுக்களைப் பொருள்கள். தினமும் கையில் எடுக்கும் பொருளை ஓர் உடம்பில், இருக்கக் கூடாத இடத்தில் ஒட்டவைத்தால் போதும். கேட்பவர் மனமே மீதி உருவத்தை வரைந்துவிடும். உங்கள் விண்கலத்திலும் பொருள்களுக்குப் பஞ்சமில்லையே. குழாய்விரலி என்றோ ஜன்னல்முகன் என்றோ ஒரு பெயர், பத்து வரி வருணனையை மிச்சப்படுத்தும்.

சிலப்பதிகாரத்துப் புகார் நகரில் நாற்சந்தியில் ஒரு பூதம் நிற்கிறது. பெயர் சதுக்கப் பூதம்: நிற்கும் இடமே பெயர். அதன் தோற்றத்தைப் பற்றிப் பெயரில் ஒன்றும் இல்லை. ஆனால் வேலை துல்லியமாகச் சொல்லப்படுகிறது. தவ வேடத்தில் ஒளிந்து தீமை செய்பவர், அரசனுக்குத் துரோகம் செய்யும் அமைச்சர், பிறர் மனைவியை நாடுபவர், பொய்ச்சாட்சி சொல்பவர், புறங்கூறுபவர் போன்றோரைக் கயிற்றால் கட்டி அடித்துத் தின்னும். நான்கு காதம் கேட்கும்படி முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் தின்னும். ஓர் ஆட்டத் தலைவருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? விதி இருக்கிறது, எல்லை இருக்கிறது, எச்சரிக்கை இருக்கிறது. கதைமாந்தர்களில் யார் பொய் சொன்னவர் என்று மேசையில் இருப்பவர்களுக்குத் தெரியும். 'மூணாவது லிஃப்ட்' என்று ஒரு ஜந்துவுக்குப் பெயர் வைத்துப் பாருங்கள். அதன்பிறகு உங்கள் ஆட்டக்காரர் ஒருவரும் மூன்றாவது லிஃப்டில் ஏறமாட்டார்.

அடுத்து ஜெயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி. முதல் குலோத்துங்கன் காலத்துக் கலிங்கப் போரைப் பாட வந்த நூல். ஆனால் அதில் நம் மனத்தில் நிற்பவை பேய்களே. முடப் பேய், குருட்டுப் பேய், ஊமைப் பேய், செவிட்டுப் பேய், கூன் பேய் என்று வரிசை கட்டி வருகின்றன. அந்தந்தக் குறை அதற்கு எப்படி வந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு முன்கதை. பசி தாங்காமல் காளியிடம் முறையிடுகின்றன. போர்க்களத்தில் பிணங்களைக் கொண்டு கூழ் காய்ச்சி, பந்தி போட்டுப் பரிமாறிக்கொள்கின்றன. ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன்னால் எழுதப்பட்ட முழுமையான ஜந்துக் கையேடு அது. பேய்களுக்குப் பசி உண்டு, பந்தி உண்டு, தங்களுக்குள் உறவும் உண்டு என்று காட்டியதுதான் ஜெயங்கொண்டாரின் சாமர்த்தியம். தனியாக நிற்கும் ஜந்துவை விட, தனக்கென்று ஒரு சமூகம் வைத்திருக்கும் ஜந்துவே அதிகம் அச்சுறுத்தும்.

மயிலாப்பூர்க்காரர்களுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. கபாலீசுவரர் கோயில் பங்குனிப் பெருவிழாவில் காலையில் அதிகார நந்தி வரும் நாளின் இரவில், பூதன், பூதகி, தாரகாசுரன் வாகனங்கள் மாடவீதி சுற்றும். முழி பிதுங்கிய பூதத்தைப் பார்த்துக் குழந்தைகள் அப்பா தோளில் முகம் புதைப்பார்கள். பூதன் என்று ஒன்று, பக்கத்திலேயே பூதகி என்று இன்னொன்று. அந்த இணையைக் கேட்டதும் மனம் தானாகவே அடுத்த கேள்விக்குப் போகிறது: அப்படியென்றால் குட்டிகள் எங்கே? உங்கள் கதையிலும் ஆட்டக்காரர் இந்தக் கேள்வியைக் கேட்கும்படி ஒரு பெயரை நழுவவிடுங்கள்.

இனி, பெயரைச் சொல்லாமல் பயத்தைச் சொல்லும் வித்தை. அதில் நம்மவர்கள் கெட்டிக்காரர்கள். கடித்தால் ஆளைக் கொல்லும் பாம்புக்கு நல்ல பாம்பு என்று பெயர். இருட்டிய பிறகு அதைப் பாம்பு என்றே சொல்லக் கூடாது, பூச்சி என்று சொல்ல வேண்டும் என்பார்கள் பெரியவர்கள். உடம்பெல்லாம் கொப்புளம் போட்டால் நோய் என்று சொல்லாமல் "அம்மா வந்திருக்கா" என்பார்கள். பயம் முற்றும்போது தமிழர் வாயில் மரியாதை ஏறுகிறது. பேய் பிடித்த வீட்டில் "அது" என்று யாரும் பேசமாட்டார்கள்; "அவங்க" என்றுதான் குரல் தாழும்.

உங்கள் மேசைக்கு இது பெரிய ஆயுதம். உயர்திணை, அஃறிணை என்ற பிரிவு நம் ஒவ்வொரு வாக்கியத்தின் வினையிலும் உட்கார்ந்திருக்கிறது. முதல் இரண்டு செஷனில் விண்கலத்து ஊழியர்கள் எல்லாரும் "அது குழாய்க்குள்ள இருக்கு" என்று பேசட்டும். மூன்றாவது செஷனில் ஓர் ஊழியர் மட்டும், முகம் மாறாமல், "அவங்க குழாய்க்குள்ள இருக்காங்க" என்று சொல்லட்டும். டி.எம். வேறு ஒன்றும் விளக்க வேண்டாம். அந்த ஊழியருக்கு என்ன ஆயிற்று என்று மேசையே பதறும். இந்த வசதி ஆங்கிலத்தில் விளையாடும் குழுவுக்குக் கிடைக்காது. உங்களிடம் இருந்தும் நீங்கள் எடுப்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

ஓசைக்கு வருகிறேன். அரசியல் சட்ட வரைவுக் குழுவில் இருந்த மயிலாப்பூர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் பேரன் வி.எஸ். ராமச்சந்திரன், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன நரம்பியல் அறிஞர். 1929-ல் வோல்ஃப்காங் கோலர் செய்த சோதனை ஒன்றை அவரும் எட்வர்ட் ஹப்பர்டும் புதுப்பித்து 2001-ல் எழுதினார்கள். கொழகொழவென்று வளைந்த ஓர் உருவம், கூர்கூராக முள் நீட்டிய ஓர் உருவம். இதில் பூபா எது, கிகி எது? அமெரிக்க மாணவர்களிடமும் தமிழ் பேசுபவர்களிடமும் கேட்டதில் 95 விழுக்காட்டுக்கு மேல் வளைந்ததைப் பூபா என்றும் முள்ளுள்ளதைக் கிகி என்றும் சொன்னதாகக் குறித்தார்கள். ஓசைக்கு உருவம் உண்டு என்பதை மொழி தாண்டி மூளை ஒப்புக்கொள்கிறது.

தமிழில் இந்த விளையாட்டுக்கு இரட்டைக்கிளவி என்ற பெட்டகமே இருக்கிறது. ஈரமாக ஊர்வது வழுவழு, கொழகொழ, பிசுபிசு, சளசள. காய்ந்து உடைவது நறநற, மொறுமொறு, சடசட. கண்ணுக்குத் தெரியாமல் தோலில் நடப்பது குறுகுறு, நமநம. இதில் ஒன்றையோ அதன் பாதியையோ எடுத்து ஒரு விகுதி சேர்த்தால் பெயர் தயார்: நமநமப்பி, பிசுக்கன், சடையூரி. தமிழ் வாய்க்கு இவை சரளமாக வரும். ஆனால் அகராதியில் இருக்காது. தெரிந்த சொல் போல ஒலித்துத் தெரியாமல் நிற்பதுதான் உங்களுக்கு வேண்டிய இடம்.

அதையும் தாண்டி ஒரு படி போகலாம். கூரான ஜந்துவுக்குக் கூரான பெயர் என்பது எதிர்பார்த்ததுதான். கத்தி போன்ற கால்கள் பன்னிரண்டு கொண்ட ஒன்றுக்கு அந்தக் குடியிருப்பின் குழந்தைகள் அம்முலு என்று பெயர் வைத்திருந்தால்? அல்லது இப்படி: கலத்தில் ஆள் எண்ணிக்கை எடுக்கும்போதெல்லாம் ஒன்று கூடுதலாக வருகிறது. ஊழியர்கள் அதை 'இன்னொண்ணு' என்று மட்டும் சொல்கிறார்கள். 1979-ல் வந்த 'ஏலியன்' படத்தில் அந்தப் பிராணிக்குப் பெயரே சூட்டவில்லை என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். சில நேரம் சாதாரணச் சொல்லே போதும்.

முழுக்க அயலாகத்தான் ஒலிக்க வேண்டும் என்றால் அதற்கும் நம்மூரிலேயே முன்னோடி இருக்கிறார். கிண்டி பொறியியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த பாடலாசிரியர் மதன் கார்க்கி, 2015-ல் வந்த 'பாகுபலி'யில் காலகேயர் என்ற எதிரிக் கூட்டம் பேசுவதற்காகக் கிளிக்கி மொழியை ஆக்கினார். ஆஸ்திரேலியாவில் படித்த காலத்தில் குழந்தைகளோடு விளையாட்டாகத் தொடங்கிய முயற்சியின் வளர்ச்சி அது. ஏறத்தாழ 750 சொற்கள், 40 இலக்கண விதிகள். நான் என்பதற்கு மின், நீ என்பதற்கு நிம். ஒலியைத் திருப்பிப்போட்டால் எதிர்ப்பொருள். திரையில் அந்தக் கூட்டம் பேசும்போது நமக்கு ஒரு சொல்லும் புரியாது. ஆனாலும் அங்கே ஏதோ ஒழுங்கு இருக்கிறது என்று காது கண்டுபிடித்துவிடும். பயம் அங்கிருந்து வருகிறது. நீங்கள் 750 சொல் செய்ய வேண்டாம். நான்கு பெயர் செய்தாலும் நான்கும் ஒரே வாயிலிருந்து வந்தவை போல இருக்கட்டும். ஒரே கிரகத்தில் ஒன்று க்ஸோர்வாக், அடுத்தது மெலூனியா, மூன்றாவது டாங்குடு என்றால் அது கிரகமாகத் தெரியாது; ரங்கநாதன் தெருப் பெயர்ப்பலகைகளாகத் தெரியும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அரக்கர்களுக்கான ஒலியைத் தேடும்போது கை தானாக உயிருள்ள மனிதர்களின் பக்கம் போகும். ஆப்பிரிக்க மொழி ஓசை, ஆதிவாசி இனத்தின் பெயர், நமக்குப் புரியாத அண்டை மாநிலத்து உச்சரிப்பு. லவ்கிராஃப்ட் தன் காலத்து இன வெறுப்பை அப்படியே தன் ஜந்துக்களுக்குள் ஊற்றினார். நம் ஜெயங்கொண்டாரும் சும்மா இருக்கவில்லை. சமணப் பேய், புத்தப் பேய், பார்ப்பனப் பேய் என்று பந்தியில் உட்காரவைத்துக் கேலி செய்தார். இலக்கியமாக ரசிக்கலாம், ஆனால் உங்கள் மேசைக்கு அது வேண்டாம். மேசையைச் சுற்றி யார் வீட்டுப் பிள்ளை உட்கார்ந்திருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது. ஒரு சாதியின், மதத்தின், மொழியின் பெயரைத் திரித்துச் செய்த ஜந்து யாரையும் பயமுறுத்தாது. ஒருவரை மட்டும் புண்படுத்தும்.

தனி மனிதர் பெயரும் ஆபத்துதான். ஆழ்வார்பேட்டையில் ஒரு குடியிருப்புக்குப் பெயராக நின்ற டிமான்ட்டி, பழைய சென்னையில் வாழ்ந்த போர்த்துகீசிய வழி வணிகர் ஒருவரின் குடும்பப் பெயர். 2015-ல் 'டிமான்ட்டி காலனி' படம் வந்த பிறகு அந்த மூன்று அசையைக் கேட்டாலே இளைஞர்களுக்குப் பேய்தான் ஞாபகம் வருகிறது. ஒலி அவ்வளவு பொருந்திப்போயிற்று. பாவம், அந்த மனிதர்! பெயர் ஒட்டிக்கொண்டால் பிரிக்க முடியாது என்பதற்கு இது நல்ல பாடம்.

வேற்றுக் கிரகக் கதை நமக்குப் புதிதில்லை. தமிழ்த் திரை 1963-லேயே 'கலை அரசி'யில் எம்.ஜி.ஆரையும் பானுமதியையும் வேற்றுக் கிரகத்துக்கு அனுப்பிவிட்டது. சுஜாதா 'என் இனிய இயந்திரா' நாவலில் ஜீனோ என்ற இயந்திர நாயைத் தந்தார். 2024-ல் 'அயலான்' வந்தது. அதில் வரும் வேற்றுக்கிரகவாசியின் பெயர் டாட்டூ. ஜீனோ, டாட்டூ இரண்டும் நாம் கொஞ்சி அழைக்கும் பெயர்கள். கூப்பிடவே தயங்கும் பெயர் அந்த வரிசையில் இன்னும் வரவில்லை. அதைச் செய்ய ஸ்டூடியோ வேண்டாம், பணம் வேண்டாம். நான்கு பேரும் ஒரு மேசையும் போதும். ஆகவே உங்களைத்தான் கேட்கிறேன்.

அடுத்த கேம்ப்பெய்ன், அதாவது அடுத்த தொடர்கதை ஆட்டம், தொடங்கும் முன் சிலவற்றைச் செய்து பாருங்கள். பொம்மைக் கடையில் பொட்டலமாக விற்கும் பிளாஸ்டிக் மிருகங்களில், என்னவென்றே தெரியாத ஒன்றை வாங்கி மேசை நடுவில் வையுங்கள். டி.எம். பெயர் சொல்ல வேண்டாம்; கதையில் அதை முதலில் பார்க்கும் கதைமாந்தர் வாயில் என்ன வருகிறதோ அதுவே பெயர். பெயரைத் தமிழ் எழுத்தில் எழுதுங்கள். எழுத வராதது சொல்லவும் வராது. கடைசியில் ஓர் உகரத்தைச் சேர்த்துச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். சிரிப்பு வந்தால் அந்தப் பெயரை அடித்துவிடுங்கள். பிறகு வீட்டில் இருக்கும் பாட்டியிடமோ அத்தையிடமோ போய், "இந்தப் பேர்ல ஒண்ணு ராத்திரி வாசல்ல நிக்குதாம்" என்று சொல்லுங்கள். அவர் "சீ, போடா" என்றால் வேறு பெயர் தேடுங்கள். "விளக்கு வெச்ச நேரத்துல அந்தப் பேரைச் சொல்லாதே" என்று அதட்டினால், அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆட்டத்தை ஓரமாக உட்கார்ந்து பார்க்கும் மயிலாப்பூர்க்காரர்